வரி முடிந்ததா

தேவனாம்பட்டினம், கடலூர்
11.6.2006

அன்புள்ள திலகாவுக்கு,

செல்லாயி எழுதுகிறேன். அத்தை, உன் அண்ணன், நான் மூவரும் சுகம். சினேகாவுக்கு மட்டும் சளி. இரண்டு வயதில் வருவதுதான் என்கிறார்கள். சிதம்பரத்தில் ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டிலிருக்கும் ஒரே போன் உன் அண்ணன் சட்டைப் பையில் கடலுக்குப் போய்விடுகிறது. மீனவர் மையத்து ஈமெயிலை, அதை நடத்துகிற ராபர்ட் அண்ணன் திறந்து எல்லாருக்கும் சத்தமாகப் படிப்பார். அதுவுமில்லாமல் நான் கேட்கப் போவது வாயால் கேட்கிற விஷயமில்லை.

சுனாமிக்குப் பிறகு இங்கே திறந்த மீனவர் தகவல் மையத்தில் நான் காலையில் போய் உட்காருவது உனக்குத் தெரியும். இணையத்தில் வானிலை அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். எந்தத் திசைக் காற்று, என்ன வேகம், அலை எவ்வளவு உயரம் என்று இருக்கும். அதைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. நான் போகாத நாளில் படிக்க ஆளில்லை. அதனால் அறிவிப்பைத் தானே படித்துத் தமிழில் எழுதித் தரும் ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

மையத்துக்கு வந்த சிடி ஒன்றில் ஹாஸ்கல் என்று ஒரு மொழி இருந்தது. நாம் காலேஜில் படித்த சி மொழி மாதிரி 'இதைச் செய், அப்புறம் அதைச் செய்' என்று சொல்லிக்கொண்டே போவதில்லை. எல்லாமே ஃபங்ஷன். ஒரு ஃபங்ஷனையே இன்னொன்றுக்குள் கொடுக்கலாம். முதல் வாரம் தலை சுற்றியது. இப்போது அதில்லாமல் பொழுது போகவில்லை.

நான் நிற்கிற இடம் இதுதான். வரியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதி, அதாவது பார்சர், அதை எழுத இரண்டு வழி சொல்கிறார்கள். அறிவிப்பின் இலக்கணத்தை முழுவதுமாகத் தனிக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் ஒரு கருவியே பார்சரைச் செய்து தருமாம். அது ஒரு வழி. எண்ணைப் படிக்க ஒரு சின்ன ஃபங்ஷன், திசையைப் படிக்க ஒரு சின்ன ஃபங்ஷன் என்று நாமே எழுதி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பெரிதாக்குவது இன்னொரு வழி. நீ பிள்ளைகளுக்குக் கம்பைலர் பாடம் நடத்துகிறவள். எதை எடுக்கட்டும்?

அத்தை கேட்கச் சொன்னது: "மே மாச லீவுக்கும் வரல. எப்பதான் வருவாளாம், கேளு."

உன்
செல்லா

*

சிதம்பரம்
24.6.2006

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். சினேகாவுக்குச் சளி குறைந்ததா என்று அண்ணனைப் போன் செய்து சொல்லச் சொல்லுங்கள்.

சந்தேகமே வேண்டாம். முதல் வழியை எடுங்கள். இலக்கணத்தைத் தனியாக எழுதினால் எங்கே முரண்பாடு வருகிறது என்று கருவியே காட்டிக்கொடுக்கும். நான் நடத்துவதும் அதுதான். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தும் தடுமாறுகிறார்கள், அதனால் உடனே வரவில்லை என்று மனம் தளர வேண்டாம். சின்னச் சின்ன ஃபங்ஷனாகக் கோத்துக்கொண்டு போவது விளையாட்டாக எழுதுகிறவர்களுக்கு. என் குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நாற்பது பக்கம். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குத் தாள் திருத்தும் வேலை இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். என் அறை இப்போது உங்கள் அறையாகிவிட்டது. வந்தாலும் எல்லாரும் இடித்துக்கொண்டு படுக்க வேண்டும்.

அன்புடன்
திலகவதி

*

தேவனாம்பட்டினம்
16.7.2006

அன்புள்ள திலகாவுக்கு,

எல்லாரும் சுகம். உன் குறிப்புகளின் கையெழுத்தைப் பார்த்ததும் பி.எஸ்ஸி. ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்துவிட்டு இப்போது 'அண்ணி', 'நீங்கள்' என்று எழுதினால் யாருக்கோ வந்த கடிதத்தை நான் பிரித்துவிட்ட மாதிரி இருக்கிறது. உன் அண்ணனைக் கட்டிக்கொண்டதற்கு இந்தத் தண்டனையா?

நீ சொன்னபடி முதல் வழியில் பத்து நாள் மல்லுக்கட்டினேன். கருவி முரண்பாடு முரண்பாடு என்று எண்ணிக்கை சொன்னதே தவிர, எந்த வரியால் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே. இரண்டாவது வழியை எடுத்துவிட்டேன். மூன்றே நாளில் ஓடியது. எண்ணுக்கு ஒரு துண்டு எழுதி அதை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். சரி என்றால் அடுத்த துண்டு. எனக்கு இதுதான் வருகிறது.

பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். காற்றின் வேகம் ஒற்றை எண்ணாகவும் வரும், 'இதிலிருந்து இதுவரை' என்றும் வரும். இரண்டுக்கும் எழுதியிருக்கிறேன். வரிசையில் எது முதலில் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்து அறிவிப்புகள் இருபதைக் கொடுத்துப் பார்த்தேன், இருபதும் சரி. ஆனாலும் கடைசிப் பக்கங்களில் ஏதோ விட்டுப்போன மாதிரி மனதில் உறுத்துகிறது. என்னவென்று பிடிபடவில்லை. நீ ஒரு தடவை பார்த்துச் சொன்னால்தான் ராபர்ட் அண்ணனிடம் கொடுப்பேன்.

அத்தை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மையத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மருமவ கம்ப்யூட்டருக்கே பாடம் சொல்லிக் குடுக்குது" என்று சொல்லி என் மானத்தை வாங்குகிறார்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
செல்லா

*

சிதம்பரம்
27.8.2006

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. கல்லூரியில் ஆய்வுக்குழு வந்து போனது, வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். ஃபங்ஷன் பெயர்கள் சில இடத்தில் நீளமாக இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் ஓரம் ஒழுங்காக இல்லை. விளக்கக் குறிப்புகள் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். மற்றபடி சரியாகத்தான் இருக்கிறது. ராபர்ட் அண்ணனிடம் கொடுக்கலாம்.

எங்கள் துறைத் தலைவர் சுப்புராயன் சார் இந்த மாதிரி முயற்சிகளைப் பொழுதுபோக்கு என்பார். அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வந்தபோது அம்மா யாரிடமும் எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலம், அதனால் இருக்கலாம்.

அன்புடன்
திலகவதி

*

தேவனாம்பட்டினம்
10.9.2006

அன்புள்ள திலகாவுக்கு,

நலம். நீ பார்த்துச் சரி என்று எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ஓரத்தை ஒழுங்குபடுத்திவிட்டேன்.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து புரோகிராம்தான் அறிவிப்பு எழுதித் தருகிறது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் 'தொழிலுக்குப் போக வேண்டாம்' என்று எழுதும். அதற்குக் கீழே முப்பது வரை 'கவனமாகப் போகலாம்'. உன் அண்ணன் கரையில் நின்று கேட்டுவிட்டு, "எம் பொண்டாட்டி சொல்லாம நா எங்கயும் போறதில்ல" என்று நாலு பேர் நடுவில் சொல்கிறார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

சுப்புராயன் சார் சொன்னது கொஞ்சம் வருத்தம்தான். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். மையத்தில் என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து எழுத மேஜை இல்லை என்றேன். அத்தை உன் பழைய மேஜையை அனுப்பிவிட்டார்கள். உனக்குச் சம்மதம்தானே? அத்தை நேற்று மீன் குழம்பு வைத்துவிட்டு, திலகாவுக்குத்தான் இது பிடிக்கும் என்று தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தீபாவளிக்காவது வா.

செல்லா

*

சிதம்பரம்
2.10.2006

அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அந்த மேஜை அப்பா இருந்தபோது பண்ருட்டியிலிருந்து பலாப்பலகை வாங்கிவந்து செய்தது. நான் பத்தாவதில் கணக்கில் நூறு வாங்கியதற்காக. கொடுத்த பிறகு சம்மதம் கேட்பதில் அர்த்தமில்லை. இருக்கட்டும்.

தீபாவளிக்கு வர முடியாது. பொறுப்பாளர் ஆனதில் சந்தோஷம். சினேகாவையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

திலகவதி

*

தேவனாம்பட்டினம்
19.11.2006

அன்புள்ள திலகாவுக்கு,

உன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். தோளெலும்புக் கட்டு இன்னும் ஐந்து வாரம் இருக்க வேண்டுமாம். காய்ச்சல் இல்லை. அத்தை சாப்பிடுகிறார்கள்.

போன வாரம் வெள்ளிக்கிழமை நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். உன் அண்ணன் காலடியில் அரை மணி நேரம் நின்றாய். என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாய். உனக்கு என் மேல் கோபம். அது நியாயம்தான். என்ன நடந்தது என்று அங்கே யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்கிறேன்.

ஒன்பதாம் தேதி காலை புரோகிராம் எழுதித் தந்தது: காற்று வேகம் நாற்பத்தைந்து, கவனமாகப் போகலாம். இரண்டு மாதத்துக்கு மேல் சரியாகச் சொல்லிவந்ததால் ஆங்கிலத்தைப் பார்ப்பதை நான் விட்டிருந்தேன். அப்படியே மைக்கில் படித்தேன். பதினோரு படகு போனது. பத்து மணிக்கு மேல் வாடைக் காற்று எடுத்து அடித்தது. ஒன்பது படகு திரும்பிவிட்டது. ஒன்று கிள்ளைக் கரையில் ஒதுங்கியது. உன் அண்ணனும் கூட்டாளி அய்யனாரும் போன படகு கவிழ்ந்தது. இரண்டு பேரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை தண்ணீரில் கிடந்தார்கள். பரங்கிப்பேட்டைக்காரர்கள் பார்த்துத் தூக்கினார்கள். ராபர்ட் அண்ணன் உனக்குப் போன் செய்யும்போது இருவரும் கரைக்கு வந்துவிட்டதால் 'அடிபட்டிருக்கிறது' என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

அய்யனாரின் இடது கை இன்ஜினில் மாட்டியிருக்கிறது. மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி மையத்து வாசலில் வந்து நின்று, "நீ சொன்னதக் கேட்டுதானே போனாரு" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மையத்தைப் பூட்டிவிட்டார்கள்.

அன்றைய ஆங்கில அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். 'நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வரை, இடையிடையே அறுபத்தைந்து' என்று இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். ஒற்றை எண்ணை நான் வரிசையில் முதலில் வைத்திருக்கிறேன். நாற்பத்தைந்து என்று படித்ததும் பொருந்திவிட்டது என்று பார்சர் திருப்தியாக நின்றுவிட்டது. மீதி வரி அப்படியே கிடக்கிறது. வரி முடிந்ததா என்று நான் எங்கேயும் கேட்கவே இல்லை. ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தால் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லியிருக்கும். மழைக் காலத்தில்தான் அறிவிப்பு இப்படி நீளமாக வரும். நான் கொடுத்துப் பார்த்த இருபதும் வெயில் காலத்தது, எல்லாமே ஒற்றை எண்.

ஜூலையில் உனக்கு அனுப்பிய தாளிலும் அது அப்படியேதான் இருக்கிறது. எழுதியவள் கண்ணுக்கே தப்பியது. உன்னைச் சொல்லி என்ன.

செல்லா

*

சிதம்பரம்
3.12.2006

செல்லா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

என் கண்ணுக்குத் தப்பவில்லை.

உன் தாள் வந்த சனிக்கிழமையே படித்தேன். இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சிவப்பு மையால் ஒன்பதாம் பக்கத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'வரி முடிந்ததா?' என்றும் எழுதினேன். உனக்கு அனுப்பத்தான் எழுதினேன், அதை நம்பு. திங்கட்கிழமை அது என் மேஜையில் இருந்தது. சுப்புராயன் சார் எடுத்துப் படித்தார். நின்றபடியே நாலு பக்கம் படித்துவிட்டு, "யாரும்மா எழுதினது? நம்ம டிபார்ட்மெண்ட்ல இவ்வளவு சுத்தமா எழுத ஆளில்ல. அவுங்கள ஒருநாள் வரச்சொல்லு, பசங்களுக்குப் பேசட்டும்" என்றார். ஐந்து வருடமாக நான் அவரிடம் மாணவி, பிறகு லெக்சரர். என் தாள் எதையும் அவர் நின்றபடி படித்ததில்லை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு சிடியைப் பார்த்து, என் நாற்பது பக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு நீ எழுதியதை அவர் நின்று படித்தார்.

பொழுதுபோக்கு என்று அவர் சொல்லவே இல்லை. அதை நான் சொன்னேன்.

ஆறு வாரம் சும்மா இருந்தேன். வேலை இருந்தது உண்மை, அதனால் எழுதாமல் இருந்தேன் என்பது பொய். உன் புரோகிராம் எல்லார் முன்னாலும் ஒரு நாள் தடுக்கி விழ வேண்டும், அன்று நீ என்னிடம் வந்து கேட்க வேண்டும், நான் அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். விழப்போவது யார் என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்க முடியாது செல்லா, தினமும் கடலுக்குப் போகிறவன் என் அண்ணன். ஆனாலும் நினைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காலேஜில் மூன்று வருடமும் நீ முதல், நான் இரண்டாவது. எம்.சி.ஏ.வுக்கு இரண்டு பேரும்தான் விண்ணப்பம் போட இருந்தோம். உன்னை அண்ணனுக்குக் கேட்கலாம் என்று அம்மாவிடம் சொன்னது நான். தோழி அண்ணியாக வந்தால் நல்லது என்றுதான் சொன்னேன். அது மட்டும்தானா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

இதை அண்ணனிடம் காட்டு. அம்மாவிடமும் படித்துக் காட்டு. அய்யனார் வீட்டுக்கு நானே வந்து சொல்கிறேன். எப்போது வரலாம் என்று மட்டும் எழுது.

திலகா

*

தேவனாம்பட்டினம்
21.1.2007

திலகாவுக்கு,

பொங்கல் முடிந்தது. உன் அண்ணனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. சினேகா வாக்கியமாகப் பேசுகிறாள்.

உன் கடிதத்தை நான் படித்த பிறகு உன் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்து முடித்து, மடித்து வைத்துவிட்டு, "அய்யனார்கிட்ட நா சொல்லிக்கிறேன். அது வர வேணாம்" என்றார். அத்தை அழுதார்கள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அய்யனார் வீட்டுக்கு நானும் போனேன். ஆங்கிலத்தைப் பார்க்காமல் மைக்கைப் பிடித்தது நான்தான் என்று சொன்னேன். உன் பங்கை உன் அண்ணன் சொன்னார். அவர் மனைவி எங்களுக்கு டீ கொடுக்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வராததை எழுத மாட்டேன். உன் அண்ணனைக் கல்யாணத்துக்கு முன்பே நான் பார்த்திருக்கிறேன், பிடித்துத்தான் சரி என்றேன். அதில் உன் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை.

மையத்தைத் திரும்பத் திறக்கிறார்கள். ராபர்ட் அண்ணன் கேட்டார், இனிமேல் எதை நம்பி மைக்கைத் தொடுவாய் என்று. யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். நான் என் வழியிலேயே திருத்தி எழுதிவிட்டேன். நீ உன் வழியில், இலக்கணக் கோப்பு வைத்து, தனியாக ஒரு பார்சர் எழுது. நீ எழுதுவதை நான் பார்க்க மாட்டேன், நான் எழுதுவதை நீ பார்க்கக் கூடாது. ஒரே அறிவிப்பை இரண்டுக்கும் கொடுப்பேன். இரண்டும் ஒன்றைச் சொன்னால்தான் அறிவிப்பு. வேறு வேறாகச் சொன்னால் மைக்கை எடுக்காமல் ஆங்கிலத்தைக் கண்ணால் படிப்பேன்.

உன்னை நம்பி இதைக் கேட்கவில்லை. நான் எங்கே தவறுவேன் என்று தேடிப் பார்க்கிற கண் உனக்கு இருக்கிறது. அந்தக் கண்ணோடு எழுது.

செல்லாயி

*

சிதம்பரம்
18.2.2007

செல்லா,

அண்ணன் கை எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு என் மேல் வருத்தம் குறையாவிட்டாலும் மாத்திரையை மட்டும் விடாமல் போடச் சொல்.

சிடியை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். போன மூன்று வருடத்து மழைக்கால அறிவிப்புகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். புரியாத வரி வந்தால் 'புரியவில்லை' என்று நின்றுவிடும். சுப்புராயன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. உன் முகவரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திலகா

*

தேவனாம்பட்டினம்
1.4.2007

திலகாவுக்கு,

எல்லாரும் சுகம். சார் கடிதம் எழுதியிருந்தார். ஜூலையில் வந்து பேசுவதாகப் பதில் போட்டேன்.

மார்ச் மாதம் முப்பத்தொரு நாளும் இரண்டையும் ஓட்டினேன். இருபத்தேழு நாள் ஒரே பேச்சு. நாலு நாள் வேறு வேறு. மூன்று உன்னுடைய தவறு, ஒன்று என்னுடையது. அந்த நாலு அறிவிப்பையும் இதோடு வைத்திருக்கிறேன். என்னுடையதை நான் திருத்திவிட்டேன். ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம்தான், ஆனாலும் அன்று உன்னுடையதுதான் சரி.

அய்யனார் புதன்கிழமை மையத்துக்கு வந்தார். அறிவிப்பு முடியும்வரை நின்றார். "ரெண்டும் ஒண்ணா சொல்லுதா?" என்று கேட்டார். சொல்லுது என்றேன். போய்விட்டார்.

செல்லா

*

சிதம்பரம்
8.4.2007

அன்புள்ள செல்லா,

நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதை இப்போது தினமும் நினைக்கிறேன்.

'மூன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது' என்று படித்ததும் முதலில் என்ன வந்தது தெரியுமா? வயிற்றெரிச்சல். எல்லாவற்றுக்கும் பிறகும் அதுதான் வந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். உன் ஒரு தவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அதையே ஐந்தாறு தடவை படித்தேன். இது என்னை விட்டுப் போகும் என்று தோன்றவில்லை. மறைத்து வைத்தால் என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டது, அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு தவறையும் அன்றே திருத்திவிட்டேன். மூன்றாவதில் நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். கருவி முரண்பாடு என்று சொல்கிறது, எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. என் பாடம்தான், என் வழிதான், ஆனாலும் தெரியவில்லை. அது சரியாகாத வரை என்னுடையதை ஓட்டாதே, ஆங்கிலத்தைக் கண்ணாலேயே படி. சுப்புராயன் சாரிடம் கேட்கலாம். கேட்க மனமில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கக் கூடாது என்று சொன்னாய். இந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பாயா?

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் புறப்படுகிறேன். வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் மையத்திலேயே இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அம்மாவிடம் நான் வருவதை நீ சொல்ல வேண்டாம். ஒன்பது மணி அறிவிப்புக்கு முன்னால் வந்துவிட்டால், நீ மைக்கில் படிப்பதை வாசலில் நின்று கேட்கிறேன். இதுவரை நான் கேட்டதில்லை.

திலகா